புத்தகக் காட்சியில் கதையை வாங்கிக்கொண்ட எழுத்தாளரிடம் நினைவூட்டலாமா?

சென்னைப் புத்தகக் காட்சி, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். என் சிறுகதை ஒன்றை மூத்த எழுத்தாளர் ஒருவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஞாயிறு மாலை 6 மணிக்குக் கையெழுத்து வரிசையில் நின்று என் கதைகள் எல்லாம் சேர்ந்த 140 பக்க ஸ்பைரல் பிரதியை நீட்டினேன். அது தவறான முறை: ஆளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது, அவ்வளவு கனத்தை அவர் எங்கே வைத்துக்கொள்வார்? வெளியீட்டு விழா முடிந்து மேடையருகே போனால் படம் எடுப்பவர்கள் கூட்டம்.

பிறகு ஒரு வார நாள் பிற்பகல் 3 மணிக்குப் போனேன்; அரங்கில் நெரிசல் இல்லை. 4 பக்கக் கதை ஒன்றே ஒன்று, கடைசிப் பக்கத்தில் கைபேசி எண். அன்போடு வாங்கிக்கொண்டார், இரண்டு கேள்வியும் கேட்டார். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. அவருடைய எண் என்னிடம் இல்லை; பதிப்பக முகவரி மட்டும் உண்டு.

பதிப்பகம் வழியாக ஒருமுறை நினைவூட்டிக் கடிதம் எழுதலாமா, அடுத்த நிகழ்வில் நேரில் பார்க்கும்வரை காத்திருப்பதுதான் முறையா?