கிளாஸ்டன்பரி டோர்: முழங்கால் வலியோடு ஏற எந்தப் பாதை?

ஆகஸ்டில் அம்மாவை இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து 376 பஸ்ஸில் கிளாஸ்டன்பரிக்கு அழைத்துச் செல்கிறேன். பிரிட்டன் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னனின் அவலோன் தீவு இதுதான் என்பது பழைய நம்பிக்கை. ஹை ஸ்ட்ரீட் அருகே 2002 முதல் தேவிக்குக் கோயிலும் இருக்கிறது. அம்மன் பக்தையான அம்மாவுக்கு 158 மீட்டர் உயரமுள்ள டோர் குன்றின் உச்சியில் நின்று கும்பிட வேண்டும். ஆனால் மூட்டுத் தேய்மானம். சமதளத்தில் நடப்பார், படி இறங்கும்போதுதான் முழங்கால் மடங்குகிறது.

இரும்புச் சத்தால் கல்லெல்லாம் குங்குமமாய்ச் சிவந்திருக்கும், குன்றின் அடிவாரத்திலுள்ள சாலிஸ் கிணறு போதுமே என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வரைபடத்தில் சரிவு விளங்கவில்லை. ஏறி வந்த நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முழங்கால் பட்டையும் ஊன்றுகோலும் வாங்கிவிட்டேன்.

முதியவர்களோடு ஏறியவர்கள் சொல்லுங்கள்: கிணற்றுப் பக்கப் பாதையா, ஸ்டோன் டவுன் லேன் பக்கமா, எது இறங்குவதற்கு எளிது?