வளர்ந்தவர் மூளையில் புது நியூரான் (நரம்புச் செல்) பிறக்கிறதா?

கருந்துளசி: “நாள்தோறும் நடந்தால் மூளையில் புது நியூரான்கள் முளைக்கும்” என்று ஒருவர் மேடையில் அடித்துப் பேசினார். வளர்ந்த எலிக்குப் புது நியூரான் பிறப்பது சரி, ஜோசப் ஆல்ட்மன் 1960களிலேயே காட்டிவிட்டார். மனிதருக்கு? 2018இல் நேச்சர் இதழில் சோரெல்ஸ் குழு, வளர்ந்தவர்களின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்குத் துணைநிற்கும் மூளைப் பகுதியில்) இளம் நியூரான் ஒன்றுகூடத் தென்படவில்லை என்றதே.

வெள்ளெருக்கு: அடுத்த மாதமே போல்ட்ரினி குழு 79 வயதுவரை உண்டு என்றதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதைவிட எனக்குப் பிடித்தது ஃப்ரிசேன் குழுவின் கணக்கு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் எந்த ஆண்டில் பிறந்ததோ, அந்த ஆண்டுக் காற்றின் அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடும். ஆக, செல்லுக்கே பிறப்புச் சான்றிதழ்! அதை வைத்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளுக்குச் சுமார் 700 நியூரான்கள் சேர்கின்றன என்று 2013இல் சொன்னார்கள்.

கருந்துளசி: கோடிக்கணக்கான நியூரான்களுக்கு நடுவே 700. அதுவும், அந்த அளவீட்டுக்காகப் பிரித்தெடுத்த நியூரான் உட்கருக்களில் (டிஎன்ஏ இருக்கும் பகுதிகளில்) வேறு வகைச் செல்கள் கலந்திருந்தால் கணக்கே புரண்டுவிடும்.

திசுக்காரன்: இருவரும் திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலை மறந்துவிட்டீர்கள். இளம் நியூரானை அடையாளம் காட்டும் டபுள்கார்ட்டின் புரதம், திசு அதில் நெடுநேரம் ஊறினால் சாயத்தில் தெரியாமல் போகும். 2019இல் மாட்ரிட் குழு இதைத்தான் எடுத்துக்காட்டியது. நேரத்தைக் கட்டுப்படுத்தியபோது, முதியவர்களிடமும் ஆயிரக்கணக்கில் தெரிந்தன.

கருந்துளசி: வலிப்பு நோய்க்கான அறுவையில் எடுத்த திசுக்களையும் சோரெல்ஸ் குழு பார்த்தது, ஐயா. அவை பிணவறையில் காத்துக் கிடந்தவை அல்லவே. அவற்றிலும் வளர்ந்தவர்களிடம் இல்லை.

திசுக்காரன்: நியாயமான கேள்வி. ஆனால் வலிப்பால் பழுதான ஹிப்போகாம்பஸை வைத்து நலமான மூளையை எடைபோடலாமா?

வெள்ளெருக்கு: 2025இல் அதே ஃப்ரிசேன் குழு, செல் உட்கருக்களின் ஆர்என்ஏவைத் தனித்தனியாகப் படித்து, வளர்ந்தவர்களிடமும் பிளவுபட்டு நியூரான்களைத் தரும் முன்னோடிச் செல்களைக் கண்டது. சயன்ஸ் இதழில் வந்தது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கருந்துளசி: சிலரிடம் நிறைய, சிலரிடம் ஏறக்குறைய இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. “அறவே இல்லை” என்ற என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். நடைப்பயிற்சிக்காரரை மட்டும் விடமாட்டேன்; ஓடிய எலிகளுக்குக் கூடிய கணக்கை அவர் மனிதர் பெயரில் எழுதிவிட்டார்.

வெள்ளெருக்கு: அதில் நானும் உங்கள் பக்கம்.