புதுப்பிப்பு: இன்டர்ன்ஷிப்பை விடுவதா என்று கேட்டிருந்தேனே

போன மாதம் புலம்பியது ஞாபகம் இருக்கலாம்: கொழும்பு வெள்ளவத்தையில் சின்ன ஆராய்ச்சிக் கம்பனி, நிறுவனர்கள் இரண்டு பேர் (ஒரு அண்ணா, ஒரு அக்கா), இன்டர்ன்கள் நாங்கள் மூன்று பேர், வேலை என்று பார்த்தால் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து திருத்துவது மட்டும்தான். விடவில்லை.

காரணம் ஒரு பிழை. எங்கள் தேடலில் 'கொழும்பு' என்று அடித்தால் பாதிக் கட்டுரைகள் வரவேயில்லை. திரையில் எல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். உள்ளே பார்த்தால், யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். எங்களிடம் இரண்டும் கலந்து கிடந்தது. அண்ணாவிடம் காட்டினேன். "எட, இதையா ரெண்டு கிழமையா தேடினம்?" என்று தலையில் கை வைத்தார். என்எஃப்சி என்ற, இப்படிப் பிரிந்து கிடப்பதை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் முறையில் சீராக்கியதும் சரி. ('கௌ'வின் பின்பாதியை ளகரமாக அடித்தவை அதற்கும் மசியவில்லை, அவற்றைக் கையால் திருத்துகிறோம்.)

அப்புறம், அக்கா இப்போது எங்களையும் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார். பஸ் காசு மட்டும் இன்னும் பேச்சளவில்தான். அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன்.