பொருள்: சிமுலேஷன் – போல்வியா, போல்விப்பா? (பள்ளி இயற்பியல் இணையப் பக்கங்களுக்கான கலைச்சொல்)

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி இயற்பியலுக்குப் பயன்படும் இணையப் பக்கங்களை வகை பிரித்துத் தமிழில் பட்டியலிடும்போது 'சிமுலேஷன்' என்ற வகைக்குச் சொல் தேவைப்படுகிறது. புழக்கத்தில் உள்ளவை நான்கு. நான்கிலும் எனக்கு மனக்குறை உண்டு.

உருவகப்படுத்துதல்: அதே மாணவர் தமிழ் வகுப்பில் 'முகமதி' உருவகம் என்று படித்துவிட்டு வருகிறார். ஒரே நாளில் இரண்டு உருவகம் வேண்டாம்.

பாவனை: இலங்கையில் இது 'பயன்பாடு'. பாவனையாளர் என்றால் பயனர். 'ஊசல் பாவனை' என்று தலைப்பிட்டால் ஊசலை எப்படிப் பயன்படுத்துவது என்று அங்கே படிப்பார்கள்.

போலச்செய்தல்: வினையாகச் சரி. ஆனால் 'ஐந்து போலச்செய்தல்கள்' என்று எண்ண முடியவில்லை.

ஒப்புருவாக்கம்: 'உரு' என்பது தோற்றத்தின் பக்கம் இழுக்கிறது. நகல் எடுப்பது என்றும் பொருள் போகிறது.

என் முன்மொழிவு 'போல்வி'. கல் – கல்வி, கேள் – கேள்வி, வேள் – வேள்வி. அதேபோல் போல் – போல்வி. மூன்றெழுத்து, எண்ணலாம், தொகையும் ஆகும்.

மடல் 2

வணக்கம். சொல்லுக்கு முன் பொருளை வரையறுத்துவிடுவோம். பட்டியல்களில் அசைபடமும் (அனிமேஷன்) சிமுலேஷனும் ஒரே கூடையில் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எந்தச் சொல்லைச் சூட்டினாலும் பயனில்லை.

அசைபடம் தோற்றத்தைக் காட்டுகிறது. சிமுலேஷன் விதியைக் கணக்கிட்டு, அதன் விளைவாகத் தோற்றத்தைத் தருகிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் ஒரு சோதனை சொல்கிறேன். ஊசல் பக்கம் எதுவானாலும் செய்து பார்க்கலாம்.

நீளம் 1.00 மீட்டர், உராய்வு சுழி, ஈர்ப்பு முடுக்கம் 9.8. முதலில் 5° வீச்சில் விடுங்கள். குண்டு கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது கடிகாரத்தை முடுக்கி, அதே திசையில் பத்தாவது முறை திரும்ப வரும்போது நிறுத்துங்கள். முனையில் குண்டு மெதுவாகத் திரும்புவதால் அங்கே கணம் பிடிபடாது. கீழ்ப்புள்ளியில்தான் வேகம் அதிகம். சுமார் 20.1 விநாடி வரும். பிறகு 60° வீச்சில் அதையே செய்யுங்கள். உண்மையான சமன்பாட்டைத் தீர்க்கும் பக்கத்தில் அலைவு நேரம் ஏறத்தாழ 7.3% கூடி, பத்து அலைவுக்கு 21.5 விநாடி வரும். மீண்டும் 20.1 வந்தால், உள்ளே ஒரு கோசைன் வளைவரையை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். 30° போதாதா என்று கேட்கலாம். அங்கே வேறுபாடு 1.7% மட்டுமே, பத்து அலைவுக்கு 0.35 விநாடி. கைவிரல் தாமதமே 0.2 விநாடி இருக்கும்போது அதை நம்பி முடிவு சொல்ல முடியாது.

ஃபெட் (PhET) என்ற அறிவியல் சிமுலேஷன் தளத்தின் ஊசல் பக்கம் இந்தச் சோதனையில் தேறுகிறது. அசைவதற்கெல்லாம் ஒரே பெயரைச் சூட்டினால், 'அலைவு நேரச் சூத்திரமான 2π√(L/g) எல்லா வீச்சுக்கும் பொருந்தும்' என்ற தவறை நாமே கற்பிப்பவர்கள் ஆவோம்.

மடல் 3

> கல் – கல்வி, கேள் – கேள்வி, வேள் – வேள்வி. அதேபோல் போல் – போல்வி.

ஐயா, இந்த வரிசையில் தோல் – தோல்வியை விட்டுவிட்டீர்கள். வேண்டுமென்றே விட்டீர்களோ! வகுப்பில் 'அடுத்தது போல்வி' என்று சொன்னால் கடைசி வரிசையில் என்ன கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

செவியை விடுங்கள், இலக்கணத்திலும் ஒரு கேள்வி. செய் – செய்வி, காண் – காண்பி, அறி – அறிவி. வி, பி இரண்டும் பிறவினை விகுதிகள். ஆக 'போல்வி' என்றதும் 'போலும்படி செய்' என்ற ஏவலாகவும் நிற்கிறது. இதைக் குறை என்று சொல்லவில்லை, கைகொடுக்கிறது என்றே சொல்வேன். அறிவி – அறிவித்தல் – அறிவிப்பு என்ற தடத்திலேயே போல்வி – போல்வித்தல் – போல்விப்பு என்று போகலாம். கணினியைக் கொண்டு ஒன்றைப் போலச் செய்விக்கிறோம் அல்லவா? பிறவினை பொருளுக்கும் பொருந்துகிறது. 'போல்விப்பு' என்றால் தோல்வியும் காதில் விழாது.

'போலி' இதே வேரில் பிறந்ததுதானே, கள்ளத்தனம் ஒட்டாதா என்று யாராவது கேட்பார்கள். இலக்கணத்தில் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று படிக்கும்போது யாரும் கள்ளத்தனமாக எண்ணுவதில்லை. அந்த அச்சம் தேவையில்லை.

மடல் 4

நிரல் எழுதுபவர்கள் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

'நிகரியக்கம்' என்றும் ஒரு பரிந்துரை உலவுகிறது. அது வேண்டாம். இயற்பியலில் 'இயக்கம்' என்று முடிந்தால் அது நகர்ச்சி: எறிபொருள் இயக்கம், தனிச்சீரிசை இயக்கம். நிகரியக்கத்தையும் மாணவர் அந்த வரிசையில் சேர்த்துவிடுவார். போதாக்குறைக்கு 'நிகர விசை' வேறு இருக்கிறது.

விதியைக் கணக்கிடுகிறது என்றால் சரியாகக் கணக்கிடுகிறது என்று பொருளல்ல. இந்த இடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பலர் ஊசலுக்கு எழுதும் முதல் நிரல் இப்படித்தான் இருக்கும்: பழைய வேகத்தைக் கொண்டு புதிய கோணம், பழைய கோணத்தைக் கொண்டு புதிய வேகம். கால அடி (நிரல் ஒவ்வொரு கணக்கிலும் முன்னேறும் நேரம்) 0.02 விநாடி, நீளம் 1 மீட்டர் என்றால் சிறு வீச்சில் ஒவ்வோர் அடியிலும் ஆற்றல் 1.0039 மடங்காகிறது. பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் 10 விநாடியில் 500 அடி. ஆற்றல் 7 மடங்கு, வீச்சு 2.7 மடங்கு. 5 பாகையில் விட்ட ஊசல் தானாகவே 13 பாகைக்கு ஏறி நிற்கும். திருத்தம் ஒரு வரிதான்: வேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய வேகத்தால் கோணத்தை நகர்த்த வேண்டும். பிறகு ஆற்றல் சற்றே ஏறி இறங்கும், ஓடிப்போகாது.

உராய்வே இல்லாத ஊசலைச் சில நிமிடம் ஓடவிட்டு வீச்சைப் பார்ப்பதை இரண்டாவது சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். வீச்சு வளர்ந்தால் அது போல்விப்புதான், ஆனால் பழுதான போல்விப்பு. அசைபடத்தில் இந்தப் பழுது வரவே வராது என்பது வேடிக்கை.

மின்சுற்றில் சிக்கல் வேறு வகை. 9 வோல்ட் மின்கலத்தில் 10 ஓம் மின்தடையை இணைத்தால் 0.9 ஆம்பியர், தொடரில் இரண்டு என்றால் 0.45. கணக்கு பிசகாது. ஆனால் பல பக்கங்களில் மின்கலத்துக்கு அகமின்தடை சுழி, விளக்கின் மின்தடை மாறிலி. உண்மையான இழைவிளக்கு குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை ஒளிரும்போது உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால் திரையில் நேர்கோடாக வரும் மின்னோட்ட வரைபடம் மேசையில் வளைந்து வரும். மாணவர் தன் அளவீடு தவறு என்று நினைத்துக்கொண்டு அழித்து எழுதுவார்.

மடல் 5

'போல்விப்பு' எனக்கு உடன்பாடே. 'போல்வி'யை நானே திரும்பப் பெறுகிறேன். 'தோல்'வியை மறந்தது உண்மையிலேயே தற்செயல், நம்புங்கள்.

பட்டியலில் இப்படி எழுதலாம் என்று எண்ணம். வினை போல்வித்தல், பெயர் போல்விப்பு. ஒவ்வொரு பதிவிலும் மூன்று குறிப்பு: மாணவர் எதை மாற்றலாம், நிரல் எதைக் கணக்கிடுகிறது, எதை விட்டுவிட்டிருக்கிறது. மூன்றாவதைப் பெரும்பாலும் பக்கத்தை உருவாக்கியவர்கள் சொல்வதில்லை. நாம் ஓட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். முதல் குறிப்பில் எழுத ஒன்றுமில்லை என்றால் அந்தப் பக்கம் அசைபடத்துக்குப் போகும்.

கைப்பேசியின் உணரிகளைக் கொண்டு அளக்கும் ஃபைஃபாக்ஸ், காணொளியில் சட்டம் (ஃபிரேம்) சட்டமாகப் புள்ளி குறிக்கும் டிராக்கர் இரண்டும் இதில் சேரா. அவை அளவீடு. விநாடிக்கு 30 சட்டக் காணொளியில் 1 மீட்டர் வீழ்ச்சிக்கு 13 அல்லது 14 புள்ளி கிடைக்கும், முடுக்கம் காண அது போதும்.

'மெய்நிகர் ஆய்வகம்' என்ற பெயர் பரவிவிட்டது, அதைத் தொட வேண்டாம். ஒளியியலில் மட்டும் 'மாய பிம்பம்' என்ற பழைய வழக்கே இருக்கட்டும். மெய் பிம்பத்துக்கு எதிராக மெய்நிகர் பிம்பம் என்று எழுதினால் கண் தடுமாறும்.

தேடுபவர் யாரும் 'போல்விப்பு' என்று தட்டச்சு செய்யப்போவதில்லை. ஆகவே குறிச்சொல்லில் சிமுலேஷன், சிமுலேசன் இரண்டும் இருக்கட்டும். பழைய பட்டியல்களிலிருந்து இணைப்புகளை அப்படியே எடுக்க வேண்டாம். ஃபிளாஷ் (பழைய பக்கங்களை உலாவியில் ஓட்டிய மென்பொருள்) ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டதால் அவற்றில் பல வெற்றுப் பெட்டியாகத் திறக்கின்றன. ஃபெட் போன்ற தளங்கள் இன்றைய உலாவிகளில் நேரடியாக ஓடும் எச்டிஎம்எல்5-இல் மாற்றி எழுதியவை ஒற்றைக் கோப்பாக இறங்கும். இணையம் இல்லாத வகுப்பிலும் ஓடும்.

மடல் 6

ஒற்று பற்றி ஒரு கேள்வி மிச்சம். 'மின்சுற்றுப் போல்விப்பு' என ப் மிகும், சரி. ஊசலுக்கு 'ஊசற் போல்விப்பு' என்று புணர்த்துவதா, 'ஊசல் போல்விப்பு' என்று விடுவதா? தேடலில் 'ஊசல்' அகப்பட வேண்டும் என்பதால் பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.