ஷேட் காலத்தில் பாறையில் நெரிசல்: முறை அறியாதவர்கள் அருகில் நின்றால் என்ன செய்வது?

கேள்வி: மியர்பேங்க் தூண்டில்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகிலுள்ள அமன்சிம்தோட்டிக்குத் தெற்கே உள்ள ஒரு பாறைத் திட்டில் நான் 19 ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருகிறேன். அந்த இடத்தை எனக்குக் காட்டியவர் என் அப்பா. நெருக்கடி இல்லாமல் ஆறு பேர் அங்கே நிற்கலாம். குளிர்காலத்தில் ஷேட் மீன் கரைக்கு வரும்போது பத்துப் பேர் வரை நிற்போம். அப்போதும் ஒருவர்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் வந்ததில்லை. ஏனெனில் எல்லோரும் நேர் எதிரே வீசுவார்கள், மீன் பட்டவர் குரல் கொடுத்தால் இருபுறமும் நிற்பவர்கள் கோலைத் தூக்கி வழிவிடுவார்கள்.

இந்த ஜூன் மாத நடுவிலிருந்து எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு அங்கே வரத் தொடங்கியிருக்கிறது. நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கே போய் நின்றாலும், ஐந்து மணிக்கு வரும் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களுக்கு இடையில் நுழைந்துகொள்கிறார்கள், சாய்த்து வீசுகிறார்கள், அவர்களுடைய தூண்டில் நரம்பு எங்கள் நரம்பின்மேல் விழுந்து, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு பேருடைய நரம்பு ஒன்றாகச் சிக்கிக்கொள்கிறது. தலைவிளக்கை நேராகத் தண்ணீரில் அடிக்கிறார்கள். அவர்களுடைய வாளியில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஷேட் குஞ்சுகளை நானே பார்த்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மூன்று வாரங்களுக்கு முன், அவர்களில் ஒருவர் வீசும்போது நரம்பு அறுந்து, ஐந்து அவுன்ஸ் ஈயம் என் பதினொரு வயது மகனின் காதோரமாகப் பறந்துபோய்ப் பாறையில் மோதியது. நான் ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "கடல் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து மகன் கடலுக்கு வர மறுக்கிறான். எழுபத்து நான்கு வயதான என் அப்பாவும், "விட்டுவிடு ராசா, வேறு இடம் பார்க்கலாம்" என்கிறார்.

எனக்கு அந்த இடத்தை விட மனமில்லை. சண்டையும் வேண்டாம். இவர்களிடம் எப்படிப் பேசுவது? சட்டத்தில் ஏதாவது வழி உண்டா? இத்தனை பேர் நிற்கும் பாறையில் சிக்கல் இல்லாமல் மீன் பிடிக்க முறை ஏதும் இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: டொங்காட் பெரியவர்

தம்பி, முதலில் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் பயந்தது சரியே. அறுந்து பறக்கும் ஈயம் மண்டையை உடைக்கும். அதைப் பார்த்தவர்கள் இந்தக் கரையில் பலர் உண்டு. அது அறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மெல்லிய நரம்பின் நுனியிலேயே ஈயத்தைக் கட்டி முழுப் பலத்தோடு வீசுவார்கள். நரம்பின் நுனியில் லீடர் என்னும் தடித்த நரம்புத் துண்டைக் கட்டாமல் கூட்டத்துக்குள் வீசவே கூடாது. ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் பத்துப் பவுண்டு வலிமை என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு; ஐந்து அவுன்ஸ் ஈயத்துக்கு ஐம்பது பவுண்டு லீடர். அது கோலின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்தால்தான், வீசும்போது அதன் சில சுற்றுகள் ரீலிலேயே இருந்து இழுப்பைத் தாங்கும். அந்தப் பிள்ளைகளுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

நரம்புகள் சிக்குவதற்கு நெரிசலை விடப் பெரிய காரணம் நீரோட்டம். கரையை ஒட்டி நீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மணலில் ஊன்றி நிற்கும் கம்பிக்கால் ஈயத்தைப் போட்டு ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். உங்களுக்குத் தெற்கே நிற்பவர் உருண்டை ஈயம் போடுகிறார். அவர் எவ்வளவு நேராக வீசினாலும், இரண்டு நிமிடத்தில் அவருடைய ஈயம் உருண்டு வந்து உங்கள் நரம்பில் ஏறிவிடும். அவர் உங்களை வஞ்சிக்க நினைத்தார் என்று நீங்கள் எண்ணுவீர்கள். நீங்கள் அவர் வழியில் குறுக்கே நிற்பதாக அவர் எண்ணுவார். ஆகவே எல்லோரும் ஒரே வகை ஈயம் போடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நிற்பது என்றால் எல்லோரும் நிற்பது, உருள்வது என்றால் எல்லோரும் உருள்வது.

உருளவிடும் நாட்களில் நாங்கள் செய்யும் முறை இது. நீரோட்டம் போகும் பக்கத்தின் கடைசியில் நிற்பவர் முதலில் வீசுவார், அடுத்து அவருக்குப் பக்கத்தில் உள்ளவர், இப்படியே வரிசையாக எல்லோரும் வீசுவோம். நரம்புகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக நகரும். கடைசியில் நிற்பவரின் நரம்பு எல்லையைத் தாண்டியதும் அவர் சுருட்டிக்கொண்டு, மற்றவர்களின் முதுகுப்புறமாக நடந்து, நீரோட்டம் வரும் பக்கத்தின் தலைப்பில் போய் நிற்பார். மற்றவர்கள் ஒவ்வோர் அடி நகர்ந்துகொள்வார்கள். இப்படிச் சுற்றி வந்தால் பன்னிரண்டு பேர்கூட அந்தப் பாறையில் நிற்கலாம். யாருக்கும் நிரந்தரமான இடம் என்று ஒன்று இருக்காது. அதை ஏற்றுக்கொள்வது உங்களுக்கும் கொஞ்சம் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஷேட் சின்ன மீன். அதை விளையாடவிட வேண்டியதில்லை. பட்டவுடன் நேராகச் சுருட்டி மேலே எடுத்துவிட வேண்டும். மாறாக கேரிக் என்னும் பெரிய மீன் பட்டால் அது கரையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும். அப்போது அதன் வழியில் இருப்பவர்கள் எல்லோரும் சுருட்டிக்கொள்ள வேண்டும். பிரெய்ட் என்னும் பின்னல் நரம்பு போடுகிறவர்கள் கூட்டத்தில் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். இழுவிசையில் உள்ள பிரெய்ட், அடுத்தவருடைய நைலான் நரம்பைக் கத்தி போல் அறுத்துவிடும், விரலையும் அறுக்கும்.

இந்த முறைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது, இனவாரியாக இடங்களைப் பிரித்த 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டத்தின்படி இந்தியர்களான எங்களுக்கென்று ஒதுக்கிய கடற்கரைத் துண்டுகளில் மட்டுமே நாங்கள் நிற்க முடிந்தது. டர்பன் கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டது 1989இல். அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1990இல். அகலமான கடற்கரை கண்ணெதிரே காலியாகக் கிடக்க, நாங்கள் ஒரு சிறு துண்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். அப்போது வரிசை தவறியவரைப் பெரியவர்கள் அடிக்கவில்லை. கோலைக் கீழே வைக்கச் சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பார்க்கச் சொன்னார்கள். நானும் அப்படி உட்கார்ந்து பார்த்தவன்தான். அந்தக் குழுவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில்: உம்கொமாஸ் அக்கா

அண்ணா, சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நெருக்கி நிற்பதும், சாய்த்து வீசுவதும், மரியாதை இல்லாமல் பேசுவதும் மீன்வளச் சட்டத்தின்படி குற்றம் ஆகாது. 2008ஆம் ஆண்டின் கடலோர மேலாண்மைச் சட்டம் கடற்கரையைப் பொதுமக்களின் உடைமை என்கிறது. அரசு அதன் காப்பாளர் மட்டுமே. எனவே 19 ஆண்டுகளாக நிற்கிறேன் என்பதால் உங்களுக்கு அங்கே தனி உரிமை எதுவும் கிடையாது. அவர்கள் சொன்ன விதம் தவறு, சொன்ன செய்தி தவறில்லை.

ஆனால் வாளியில் இருந்த குஞ்சுகள் வேறு விஷயம். ஒருவர் ஒரு நாளைக்கு 4 ஷேட் மட்டுமே எடுக்கலாம். வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனை உடனே கடலில் விட்டுவிட வேண்டும். அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை ஷேட் பிடிக்கவே கூடாது. பொழுதுபோக்குக்கான அனுமதிச் சீட்டு வேண்டும். அதை அஞ்சல் அலுவலகத்தில் வாங்கலாம். அந்தச் சீட்டில் பிடித்த மீனை விற்கவும் கூடாது. இவற்றில் எதை மீறினாலும் மீன்வளத் துறை அதிகாரிகளிடம் தெரிவிக்கலாம். நாள், நேரம், இடம், எத்தனை பேர் என்பதைக் குறித்துக்கொண்டு சொல்லுங்கள். அவர்களுடைய முகங்களைப் படம்பிடித்து வலைத்தளத்தில் போடாதீர்கள். அது பகையை மட்டுமே வளர்க்கும்.

இந்த அளவுக் கட்டுப்பாட்டை நான் உயிராக மதிக்கிறேன். ஷேட் நாட்டின் தெற்கே உள்ள கேப் பகுதியிலிருந்து குளிர்காலத்தில் நம் கரைக்கு வந்து, வசந்தத்தில் இங்கேதான் முட்டையிடுகிறது. முட்டைகளும் குஞ்சுகளும் அகுல்யாஸ் நீரோட்டத்தில் தெற்கே மிதந்து போய் கேப் கரையில் வளர்கின்றன. அந்த இரண்டு மாதத் தடை அதற்காகத்தான். 1970களில் ஷேட் வெகுவாகக் குறைந்துபோனபோது கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டன. அவற்றால்தான் இன்றைக்கு நமக்கு மீன் இருக்கிறது. எங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் முடிவதற்குள் தடைக்காலமும் தொடங்கிவிடும் என்பதால், டிசம்பர் வரை ஷேட் குழம்பு கிடையாது. என் பிள்ளைகள் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

யாராவது உங்களிடம், கூட்டத்துக்கு அப்பால் ட்ரோனில் இரையைக் கொண்டுபோய்ப் போடலாமே என்று யோசனை சொல்லக்கூடும். அது சட்டவிரோதம் என்று அரசுத் துறை 2022இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது.

பதில்: பீனிக்ஸ் இளையவன்

ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அந்த எட்டுப் பேரில் ஒருவனைப் போன்றவனாக இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் தூண்டில் பழக்கம் இல்லை. நானும் நண்பர்களும் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். எவ்வளவு தூரம் வீசுவது, என்ன முடிச்சுப் போடுவது என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. பக்கத்தில் நிற்பவரிடம் எப்படி இடம் கேட்பது என்பது இருக்கவில்லை. கூட்டமாக நிற்கும் இடத்தில்தான் மீன் இருக்கும் என்று நினைத்து, கூட்டத்தைத் தேடியே போனோம். எங்களைப் பார்த்தவுடன் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதை நாங்கள் விரோதம் என்று எடுத்துக்கொண்டோம், பிறகு அப்படியே நடந்துகொண்டோம்.

எங்களை மாற்றியவர் ஒரு முதியவர். மீன் நின்றுபோன நேரத்தில் எங்களிடம் வந்து, "உங்கள் லீடரைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் லீடரே இல்லை. அவர் தன் பையிலிருந்து எடுத்து எங்கள் மூவருக்கும் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் எங்கே நிற்கச் சொன்னாரோ அங்கே நின்றோம்.

நீங்கள் எட்டுப் பேரிடமும் ஒன்றாகப் பேசாதீர்கள். கூட்டமாக இருக்கும்போது எவரும் தவறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதும் பேசாதீர்கள். அவர்களில் மற்றவர்கள் யாருடைய சொல்லைக் கேட்கிறார்கள் என்று பார்த்து, அவரிடம் தனியாகப் பேசுங்கள். உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள். ஈயம் அவன் காதருகே போனது அவர்களுக்கும் உறுத்திக்கொண்டிருக்கும். நீங்கள் கத்தியதால் அதைச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு இல்லாமல் போயிருக்கலாம்.

மீண்டும்: மியர்பேங்க் தூண்டில்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அக்கா சொன்னது முதலில் எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. அந்த இடம் என்னுடையது என்றே இத்தனை காலமும் மனத்துக்குள் எண்ணியிருந்தேன் என்பது அதைப் படித்தபோதுதான் தெரிந்தது.

கடந்த சனிக்கிழமை ஐம்பது பவுண்டு நரம்புச் சுருள் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். வெளிச்சம் வந்து மீன் அடங்கியதும் அவர்களில் மூத்தவரிடம் போய், அன்று கத்தியதற்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் உடனே, "பையனுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஈயத்தைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் சொன்னேன். ஐந்து பேர் லீடர் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் காது கொடுக்கவில்லை. ஒருவர் எழுந்து போய்விட்டார். குஞ்சுகளைப் பற்றிச் சொன்னபோது, வாளியின் உட்புறத்தில் 30 சென்டிமீட்டருக்குக் கோடு போட்டுக்கொள்வதாக மூத்தவர் சொன்னார். செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். செய்யாவிட்டால் தெரிவிக்கவே போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீர் வடக்கே ஓடியது. டொங்காட் பெரியவர் சொன்ன முறைப்படி சுற்றி வர முயன்றோம். முதல் அரை மணி நேரம் குழப்பமாகத்தான் இருந்தது. இரண்டு முறை சிக்கியது. அதன் பிறகு பதினொரு பேர் நின்றும் சிக்கவில்லை. தலைவிளக்கு மட்டும் இன்னும் தண்ணீரில்தான் விழுகிறது. அதை அடுத்த வாரம் பேச வேண்டும். என் பங்குக்கு மூன்று ஷேட் கிடைத்தன.

மகன் இன்னும் பாறைக்கு வரவில்லை. மணலில் தாத்தாவோடு உட்கார்ந்து, யார் அடுத்து நகர வேண்டும் என்று அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தான்.