புதுப்பிப்பு: துறை அலுவலகத்தில் மதியத் தலைவலியும் சாக்கடை வாடையும்

பல்கலைக்கழகத் துறை அலுவலகம் ஒன்றில் மதியமானால் தலைவலி, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட பிறகு சாக்கடை வாடை என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

தலைவலிக்கு முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, அறைக்காற்றையே குளிர்வித்துச் சுழற்றும். கார்பன் டை ஆக்சைடு மீட்டரை மேசை உயரத்தில், ஆட்களின் மூச்சு நேரே படாமல் ஒரு மீட்டராவது தள்ளி வைத்து நாள் முழுக்கக் குறியுங்கள். வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். உள்ளே 1,000-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஆட்களுக்கு ஏற்ற காற்றோட்டம் இல்லை.

வாடைதான் பலரும் தவறவிடுவது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லாவிட்டால், கிடைக்கிற ஓட்டை வழியாகவெல்லாம் அறை காற்றை இழுக்கும். இங்கே அந்த ஓட்டை, யாரும் பயன்படுத்தாத சிங்க். அதன் அடியிலுள்ள வளைகுழாயில் தேங்கி நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்கும் நீர் வற்றியிருந்தது. ஃபேன் ஓடும்போது கதவை மூடி, அடியிடுக்கில் டிஷ்யூ கீற்றைப் பிடித்தால் தெரிந்துவிடும்: உள்பக்கமாக விறைத்து நிற்கும். சிங்க்கில் ஒரு லிட்டர் நீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் வற்றாது. ஃபேனுக்கு எதிர்ச்சுவரில் வெளிக்காற்றுக்குத் திறப்பு வைப்பதே நிலையான தீர்வு. ஆய்வகத் தாழ்வாரத்தின் பக்கம் மட்டும் திறக்கவே வேண்டாம், ரசாயன ஆவி உள்ளே வரும்.

பராமரிப்புப் பிரிவுக்கு எழுதும்போது நேரம், மீட்டர் அளவு, ஆள் எண்ணிக்கை மூன்றையும் சேருங்கள். "ஏசி சரியில்லை" என்று மட்டும் எழுதினால் ஃபில்டரைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள்.