10% நிகோடின் பாட்டில்: கணக்கு எங்கே தப்பியது?

செல்லூரான்:
வணக்கம். பத்து வருடமாக நாளைக்கு ஒரு டஜன் சிகரெட். விடலாம் என்று வேப் (மின்-சிகரெட்) பக்கம் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதன் சின்ன பாட்டில் ஒன்று கொடுத்தான். நிகோடின், 10% என்று மட்டும் போட்டிருந்தது. எனக்கு மி.லி.க்கு 3 மி.கி. போதும் என்று கணக்குப் போட்டு, அதில் 10 மி.லி. எடுத்து 20 மி.லி. கிளிசரினில் ஊற்றிக் குலுக்கினேன். நாலே இழுப்பு. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, மாடிப்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். தெளிய ஒரு மணி நேரமாயிற்று. ஊற்றும்போது விரலில் வழிந்ததை லுங்கியில் துடைத்துக்கொண்டேன். கிளிசரின் பழசா? இன்னும் 10 மி.லி. கிளிசரின் சேர்த்தால் சரியாகுமா? மிச்சத்தைக் காலியான இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன்.

மருந்துக்கடை அண்ணன்:
தம்பி, கிளிசரின் மேல் பழி போடாதீர்கள். 10% என்றால் 100 மி.லி.க்கு 10 கிராம். அதாவது ஒரு மி.லி.யில் 100 மி.கி. நீங்கள் அதை ஒரு மி.லி.க்கு 10 மி.கி. என்று எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் ஊற்றிய 10 மி.லி.யில் இருந்தது 1000 மி.கி. அது 30 மி.லி.யில் கலந்தால் மி.லி.க்கு 33. நினைத்தது 3.3, இழுத்தது பத்து மடங்கு. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கடையில் விற்க மி.லி.க்கு 20 மி.கி.தான் உச்சவரம்பு, அதுவும் 10 மி.லி. பாட்டிலில்.

இன்னும் 10 மி.லி. சேர்த்தால் 25க்குத்தான் இறங்கும். நீங்கள் நினைத்த அளவுக்கு வர மொத்தம் 300 மி.லி. ஆக்க வேண்டும். அப்போதும் லேபிளில் போட்டது நிஜம் என்று நம்பித்தான். வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

என்னைப் பதற வைத்தது கடைசி வரிதான். வீட்டில் குழந்தை இருக்கிறதா?

செல்லூரான்:
அக்கா மகள் இருக்கிறாள் அண்ணே, மூன்று வயது. பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது.

மருந்துக்கடை அண்ணன்:
முதலில் எழுந்து போய் அதை எடுத்துப் பூட்டி வையுங்கள், பதில் அப்புறம் எழுதலாம். நிகோடின் 60 மி.கி. உள்ளே போனால் பெரியவர்களுக்கே உயிராபத்து என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அந்தக் கணக்கு சரியில்லை, அரை கிராமுக்கு மேல் என்று ஆஸ்திரிய மருந்தியலாளர் பெர்ன்ட் மேயர் 2014ல் எழுதினார். சரி, அவர் கணக்கையே வைத்துக்கொள்வோம். உங்கள் பாட்டிலில் இருப்பது ஒரு கிராம். இருமல் மருந்து என்று நினைத்து யாராவது குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி கொடுத்தால் 165 மி.கி. அப்படி ஏதும் நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அறிகுறிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108, இல்லையென்றால் நேரே பெரியாஸ்பத்திரி.

வேடசந்தூரான்:
விரலில் வழிந்ததைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் புகையிலைக் காடு உண்டு. பனி காயுமுன் இலை ஒடிக்க இறங்கினால் மத்தியானத்துக்குள் தலைசுற்றல், குமட்டல். என் அப்பத்தா அதைப் பித்தம் என்பார். ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாக ஏறுகிறது, அவ்வளவுதான். இலைக்கே அப்படி என்றால் உங்களிடம் இருப்பது சாறு. அந்த லுங்கியை இன்னும் கட்டியிருந்தால் கழற்றுங்கள். சோப்புப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கை, கால் கழுவுங்கள்.

கீழவாசல்:
இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 சட்டப்படி நம் நாட்டில் மின்-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விற்பனைக்கான இருப்பு எல்லாமே தடை. அதனால் லேபிளைத் தட்டிக்கேட்கவும் ஆள் கிடையாது. நானும் ஒரு காலத்தில் வாசனைக்கு ஏலக்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தவன், பத்து நாள் இருமினேன். எண்ணெய் நுரையீரலுக்குள் போகிற பொருளே இல்லை.

மருந்துக்கடை அண்ணன்:
வேப் திரவத்தில் கலக்கிற கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால் எதுவும் கெமிக்கல் கடையில் சில்லறையாக வாங்காதீர்கள். 2025ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த இருமல் மருந்து விவகாரம் நினைவிருக்கும். நம் தமிழ்நாட்டில் தயாரான மருந்துதான். அதில் இருந்தது டைஎத்திலீன் கிளைகால் என்கிற விஷம். பார்த்தால் இவற்றுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது.

சிகரெட்டை விடத்தானே ஆரம்பித்தீர்கள்? 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். பபிள்கம் மாதிரி சவைக்காதீர்கள், விக்கல் வரும். நாலு கடி, நாக்கில் சுருக்கென்றதும் வெற்றிலை ஒதுக்குகிற மாதிரி கன்னத்தில் ஒதுக்குங்கள், சுருக்கு அடங்கியதும் மறுபடி கடி. 1800-11-2356 இலவச எண். விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள்.

செல்லூரான்:
பாட்டிலை எடுத்துவிட்டேன் அண்ணே. அம்மா அதை இருமல் மருந்து என்றே நினைத்து, மூடியைத் துடைத்து, தைலத்துக்குப் பக்கத்தில் முன்வரிசையில் வைத்திருக்கிறார். பார்த்ததும் மறுபடி நெஞ்சு படபடத்தது, இந்த முறை நிகோடின் இல்லாமலே. சாக்கடையில் கொட்டலாமா?

மருந்துக்கடை அண்ணன்:
கூடாது. மூடி இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே விஷம் என்று பெரிதாக எழுதுங்கள். குப்பை வண்டி வரும்போது மற்றதோடு போடாமல், இன்னது என்று வாயால் சொல்லித் தனியாகக் கொடுங்கள். அளந்த சிரிஞ்சும் அதே பையில்.